ஜெனீவாவுக்கு இரவோடிரவாகச் சென்ற கார்கள்

புதிய கார் ஒன்றின் வரலாற்றை எழுதுவோர் அதனை வடிவமைத்தவரையும் ஆலை அதிபரையும் தவறாது குறிப்பிடுவர். வாங்குபவர் கைக்கு அது செல்லுமுன் தெருவில் ஓட்டிக் குறை கண்டு சொன்னவரைப் பெரும்பாலும் மறந்துவிடுவர். ஜாகுவார் நிறுவனத்தின் தலைமைப் பரிசோதனை ஓட்டுநர் நோர்மன் டியூவிஸ் அவ்வாறு மறக்கப்படக் கூடாதவர்.

1952இல் அங்கு சேர்ந்த அவர் 1985 வரை பணிபுரிந்தார். டன்லப் நிறுவனத்தாருடன் சேர்ந்து டிஸ்க் பிரேக்கை உருவாக்கிச் சீர்செய்ததில் அவருக்குப் பெரும் பங்குண்டு.

1961 மார்ச் 15ஆம் திகதி ஜெனீவாவில் ஈ-டைப் கார் அறிமுகமாயிற்று. அதற்கென 9600 எச்பி என்ற இலக்கமுடைய சாம்பல் நிறக் காரை இங்கிலாந்திலிருந்து ஓட்டிச் சென்றவர் பொப் பெரி. நிகழ்ச்சி தொடங்கச் சற்று முன்னரே அவர் போய்ச் சேர்ந்தார். காரில் ஏறிப் பார்க்க விரும்பியோர் தொகை பெருகவே, அதிபர் சேர் வில்லியம் லயன்ஸ் இன்னொரு காரை அனுப்புமாறு கொவென்ட்ரிக்குப் பணித்தார். 77 ஆர்டபிள்யூ என்ற பச்சை நிறத் திறந்த காரை டியூவிஸ் இரவு முழுவதும் ஓட்டி மறுநாட் காலையில் கொண்டு சேர்த்தார்.

அதே மாதத்தில் பிரித்தானியச் சஞ்சிகைகள் இவ்விரு கார்களின் வேகத்தையும் வெளியிட்டன. சாம்பல் நிறக் கார் மணிக்கு 150.4 மைல், பச்சைக் கார் 149.1 மைல். உலகம் வியந்தது. ஆனால் அவை மிகுந்த கவனத்துடன் ஆயத்தம் செய்யப்பட்டவை. பந்தய ரயர்களும் பூட்டப்பட்டிருந்தன. பணம் செலுத்தி வாங்கியோரின் கார்கள் பொதுவாக அவ்வேகத்தை எட்டவில்லை.

வேறு குறைகளை வாங்கியோரே கண்டனர். உயரமானோருக்குக் கால் நீட்ட இடமில்லை. 1962இன் தொடக்கத்தில் தரைத்தகடு பள்ளமாக்கப்பட்டது. கியர்ப்பெட்டியும் இருக்கைகளும் 1964இல் வந்த 4.2 லீற்றர் காரிலேயே திருந்தின.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் இவ்வரலாற்றை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. குறை காண்பதற்காக ஓட்டுவது வேறு. புகழ் பெறுவதற்காக ஓட்டுவது வேறு. அன்று ஒரே கார்கள் இரண்டுக்கும் பயன்பட்டன. எண்ணொன்றை அச்சேற்றுமுன், யாருடைய காரில், எவர் ஆயத்தம் செய்தபின் அது பெறப்பட்டது எனக் கேட்பது எம் கடமை.

டியூவிஸ் 2019இல் தமது 98ஆவது வயதில் காலமானார். அவ்விரு கார்களும் செப்பனிடப்பட்டுப் பேணப்படுகின்றன.