ஸ்டொப்பர் ஜர்னைல் சிங்கும் ரஹீம் வாத்தியாரும்

"ஆள் போனா போல் போகப்படா. போல் போனா ஆள் போகப்படா." இதைச் சொல்லித்தான் சாச்சா எங்களுக்கு உதைபந்து பழக்கினார். திருகோணமலைத் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய தோள் அவருக்கு. அவர் பின்னால் நின்றால் பந்தோடு வருகிறவன் ஒரு கணம் யோசித்துத்தான் வருவான். மைதானத்தில் எல்லோரும் அவரை 'சிங்' என்றே கூப்பிடுவார்கள். தாடியால் வந்த பெயர் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். அது ஜர்னைல் சிங்கால் வந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

2024 நோன்புப் பெருநாள் காலத்தில் 'மைதான்' என்ற ஹிந்திப் படம் வெளிவந்தது. ஹைதராபாத்தைச் சேர்ந்த பயிற்றுநர் செய்யத் அப்துல் ரஹீமின் கதை. வகுப்பில் ஒரு மாணவன், "சேர், ரஹீம் வாத்தியார் மெய்யான ஆளா?" என்று கேட்டான். மெய்யான ஆள்தான். பள்ளிக்கூட ஆசிரியர். 1950 முதல் சாகும் வரை இந்திய அணியைப் பயிற்றுவித்தவர். 1951இல் டில்லியில் ஆசியத் தங்கம், 1956 மெல்பன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1962இல் ஜகார்த்தாவில் மீண்டும் தங்கம். அந்தத் தங்கத்துக்குப் பிறகு இந்தியா ஆசிய விளையாட்டு உதைபந்தில் தங்கம் கண்டதேயில்லை.

படத்தையொட்டி நான் வாசித்த கட்டுரைகள் எல்லாம் ரஹீம் சாஹிபைக் கொண்டாடின. சந்தோஷம்தான். ஆனால் ஜர்னைல் சிங் அவற்றில் ஒரு வரியோடு கடந்துபோனார். ரஹீமின் அறிவு எவ்வளவு என்று காட்டுவதற்கு ஜர்னைலை விட நல்ல சாட்சி யாருமில்லை என்பது என் அபிப்பிராயம். சாச்சாவின் அபிப்பிராயமும் அதுதான், சொல்லும் விதம்தான் வேறு.

ஜர்னைல் 1936இல் பிறந்த பஞ்சாபி. 1947 பிரிவினையில் மேற்குப் பஞ்சாபை விட்டு இந்தியப் பக்கம் வந்த சீக்கியக் குடும்பம். அந்த வருடம் அந்த மண்ணில் முஸ்லிம்களும் சீக்கியர்களும் ஒருவருக்கொருவர் என்ன செய்துகொண்டார்கள் என்பதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை. கிழக்கு மாகாணத்தில் இருந்துகொண்டு வாசிக்கிறவர்களுக்கு அது புரியாத விஷயமுமல்ல. அந்தப் பையன் வளர்ந்து, மஹில்பூர்க் கல்லூரியில் ஆடி, கல்கத்தாவுக்குப் போய், 1959 முதல் மோகன் பகானின் ஸ்டொப்பர் ஆனான். 1960 ரோம் ஒலிம்பிக்கிலும் அவன்தான் நடுவில் நின்ற சுவர். கல்கத்தாவில் எதிரணி ரசிகர்கள் அவனை முரடன் என்றார்கள். தன் அணி ரசிகர்களும் அதைத்தான் சொன்னார்கள், பெருமையாக.

1962 ஜகார்த்தாவில் முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் இந்தியா 0-2 என்று தோற்றது. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றது. ஆனால் அந்த மெச்சில் ஜர்னைலின் தலை உடைந்து தையல் போட வேண்டி வந்தது. ஜப்பானுடனான ஆட்டத்தில் அவர் இல்லை. அரையிறுதிக்கு முன் ரஹீமுக்கு முன்னால் ஒரு கேள்வி. தையல் போட்ட தலையோடு இருக்கும் ஸ்டொப்பரை என்ன செய்வது? நம்மில் யாராவது பயிற்றுநராக இருந்தால் ஆறுதல் சொல்லி வெளியே உட்கார வைத்திருப்போம். ரஹீம் அவரை முன்னுக்கு அனுப்பி சென்டர் போர்வர்ட் ஆக்கினார். கல்லூரிக் காலத்தில் ஜர்னைல் முன்வரிசையில் ஆடியவர் என்பது வாத்தியாருக்குத் தெரியும். பின்னால் நின்று ஆட்களை மறித்துப் பழகியவனுக்கு, மறிக்கிறவன் எந்தப் பக்கம் சாய்வான் என்பதும் தெரியும். தென் வியட்நாமை 3-2 என்று வென்ற அந்த அரையிறுதியில் ஜர்னைல் ஒரு கோல் அடித்தார்.

செப்டெம்பர் 4, இறுதி. எதிரே மறுபடியும் தென்கொரியா. இஸ்ரேலையும் தாய்வானையும் சேர்க்காததை இந்திய அதிகாரி சோந்தி ஆட்சேபித்ததால் ஜகார்த்தா கொதித்துக்கொண்டிருந்தது. முந்தின நாள் இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டிருந்தது. சுமார் ஒரு இலட்சம் பேர் கூடிய மைதானத்தில் இந்திய கீதத்துக்கே கூச்சல் எழுந்தது. அந்தக் கூட்டத்துக்குள் இந்தியாவுக்காகக் கைதட்டியது பாகிஸ்தான் ஹொக்கி அணி என்று வீரர்கள் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்கள். 17ஆவது நிமிடத்தில் பி. கே. பானர்ஜி, 20ஆவது நிமிடத்தில் கட்டுப்போட்ட தலையோடு ஜர்னைல். 2-1. கோலில் நின்றவர் நம்ம பீற்றர் தங்கராஜ்.

ரஹீமுக்கு அப்போதே புற்றுநோய். 1963 ஜூன் 11இல் மவுத்தானார்.

இந்தச் செய்தியைச் சாச்சா கேட்டது உள்துறைமுக வீதித் தேத்தண்ணிக் கடையின் ரேடியோவில். 1957இல் வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை ஒப்படைத்துவிட்டுப் போன பிறகு அங்கே வேலை நிச்சயமில்லை. ரேடியோ கேட்க நேரம் மட்டும் நிறைய. ஜர்னைல் ஆடி அவர் ஒருநாளும் கண்டதில்லை. காதால் கேட்டதையும் பேப்பரில் வாசித்ததையும் வைத்து ஒரு ஜர்னைலை அவரே செய்துகொண்டார். அதில்தான் பிழை வந்தது.

ஜகார்த்தாவுக்கு இரண்டு வருடம் கழித்து ஒரு மெச்சில் சாச்சா வழுக்கிப் பாய்ந்து மறித்தார். அவரோடு துறைமுகத்தில் வேலை செய்த தமிழ்ப் பொடியன் ஒருவனின் கால் முறிந்தது. முறிவு வைத்தியரிடம் கட்டிவிட்டு, அவன் திரும்ப வேலைக்கு வரும்வரை தன் கூலியில் பாதியை அவன் வீட்டுக்குக் கொடுத்தார். அதன் பிறகும் ஆடினார், ஆனால் பாய்ந்து மறிப்பதை விட்டுவிட்டார். இதை அவர் என்னிடம் சொன்னது எழுபது வயதுக்குப் பிறகுதான்.

"நான் பாய்ஞ்சது ஜர்னைல் மாதிரி மகன். பார்த்தது கால, பந்த இல்ல."

பந்தாட்டம் தெரிந்தவர்களுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. வழுக்கி மறிப்பவன் பந்தை முதலில் தொட வேண்டும். அரைக் கணம் பிந்தினால் அது குற்றம். எதிரியின் கண்ணையும் தோளையும் நம்பாமல் பந்தை மட்டும் பார்த்து, அவன் அதைக் காலைவிட்டுச் சற்றுத் தள்ளும் கணம் வரை பொறுத்திருக்க வேண்டும். ஜர்னைலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பாய்ச்சலைச் சொல்வார்கள், பொறுமையைச் சொல்வதில்லை. வெறும் முரடனாக இருந்திருந்தால் 1966இல் ஆசிய நட்சத்திர அணிக்குத் தலைவராக்கியிருக்க மாட்டார்கள். சாச்சா கட்டிக்கொண்ட ஜர்னைலில் அந்தப் பொறுமை மட்டும் குறைவாக இருந்தது.

ஜர்னைல் 2000 ஒக்டோபர் 13இல் கனடாவின் வன்கூவரில் இறந்தார். சாச்சாவுக்கு அது தெரியாது. பல வருடம் கழித்து நான்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"கனடாவிலயா? நம்மட ஊர்ப் பொடியன்மார் மாதிரி அவனும் அங்கதானா போய்ச் சேர்ந்தான்."

போனில் அவருடைய படத்தை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு இறுதி ஆட்டத்தின் விபரம் கேட்டார். கொரியாவின் அந்த ஒரு கோல் எத்தனையாவது நிமிடம்? 85 என்றேன். அப்போது பின்னால் ஸ்டொப்பராக நின்றது யார்? அருண் கோஷ் என்றேன்.

"அவனையும் குறை சொல்லேலா. ஆனா கடைசிப் பத்து நிமிசத்துக்கு ஜர்னைலப் பின்னுக்கு எடுத்திருக்கணும். ரஹீம் வாத்தியார் அதுல மட்டும் பிழை விட்டுட்டார்."