உல்லாசக் கப்பல் நீச்சற்குளச் சுகாதாரம்

உல்லாசக் கப்பல் நீச்சற்குளச் சுகாதாரம் என்பது கப்பற் பயணிகள், குறிப்பாகச் சிறு குழந்தைகள், குளத்து நீரால் நோயுறாமல் காக்கும் நடைமுறைகளைக் குறிக்கும். ஐக்கிய அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையங்கள் 1970களில் தொடங்கிய கப்பல் சுகாதாரத் திட்டம் இதற்கான விதிகளை வகுத்துள்ளது.

காரணம்

குளோரின் எல்லாக் கிருமிகளையும் உடனே அழிப்பதில்லை. பத்து இலட்சத்தில் 1 பங்கு குளோரின் உள்ள நீரில் ஈ. கோலை பாக்டீரியா 1 நிமிடத்துக்குள் அழியும். ஜியார்டியாவுக்கு ஏறத்தாழ 45 நிமிடங்கள் ஆகும். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியோ 7 நாட்களுக்கு மேலும் உயிருடன் இருக்கும். மாசுற்ற நீரைச் சிறிதளவு விழுங்கினாலும் நோய் தொற்றக்கூடும்.

கப்பல் விதிகள்

அணையாடை (டயப்பர்) அணிந்த குழந்தைகளும், கழிவறைப் பழக்கம் பெறாத குழந்தைகளும் பொதுக் குளத்தில் இறங்க இத்திட்டம் அனுமதிப்பதில்லை. சில கப்பல்களில் இவர்களுக்கெனத் தனி நீர் விளையாட்டுப் பகுதி உண்டு. நீச்சல் அணையாடை திண்மக் கழிவைத் தாங்கினாலும், வயிற்றுப்போக்குக் கிருமிகள் நீரில் கசிவதைத் தடுக்காது; எனவே அதற்கும் விலக்கு இல்லை.

குளத்தில் வயிற்றுப்போக்குக் கழிவு கலந்தால் குளம் மூடப்படும். பத்து இலட்சத்தில் 20 பங்கு என்னும் அளவுக்குக் குளோரினை உயர்த்தினாலும், கிரிப்டோஸ்போரிடியத்தை அழிக்க 12 மணி 45 நிமிடங்கள் தேவை.

பெற்றோர் கடைப்பிடிக்க வேண்டியவை

* வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையை நீரில் இறக்கலாகாது. கிரிப்டோஸ்போரிடியத் தொற்றாயின், வயிற்றுப்போக்கு நின்ற பின்னும் 2 வாரங்கள் காத்திருத்தல் வேண்டும்.
* நீரில் இறங்குமுன் குழந்தையைக் குளிப்பாட்ட வேண்டும்.
* மணிக்கொரு முறை கழிவறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.
* அணையாடையைக் குளத்தருகே மாற்றலாகாது.
* குளத்து நீரை விழுங்காதிருக்கப் பழக்க வேண்டும்.