நாய்க்கும் ஒரு சட்டம்

வலப்பனைத் தோட்டங்களில் தொழிலாளியும் அவன் வளர்த்த நாயும் ஒரே லயத்து வாசலிற் கிடந்தனர். சட்டமோ இருவரையும் வெவ்வேறாக நோக்கியது. குடியேற்ற ஆட்சி விசர்நாய் நோயைத் தடுக்க 1893 இலும், நாய்களைப் பதிவுசெய்ய 1901 இலும் கட்டளைச் சட்டங்களை இயற்றியது. 1907 ஆம் ஆண்டின் 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் விலங்குவதைக்கு 100 ரூபா வரை தண்டப்பணமோ 3 மாதம் வரை சிறையோ விதித்தது. அக்காலத்திலேயே, 1865 ஆம் ஆண்டின் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளிக்கும் 3 மாதம் வரை சிறை காத்திருந்தது! விலங்கை வதைத்தவனும் வேலையை விட்டவனும் ஒரே சிறைக்குரியர் ஆயினர். 1921 ஆம் ஆண்டின் சட்டமே அத்தண்டனையை நீக்கியது. விலங்குக்குக் காட்டிய இரக்கம் குறைகூறத்தக்கதன்று. அது மனிதனை எட்ட மேலும் 14 ஆண்டுகள் சென்றமையே வரலாற்றின் வடுவாகும்.