இராப் பள்ளியும் ஓய்வு நாளும்

ஒரு தலைமுறைக்கு முன்வரை வயல் சூழ்ந்த கிராமமாயிருந்து, இன்று மென்பொருள் அலுவலகங்களும் அடுக்குமாடி வீடுகளும் நெருங்கி நிற்கும் பூனாவின் பாணேர்ப் பகுதியில், பகலெல்லாம் உத்தியோகம் பார்த்துவிட்டு இரவில் மேற்படிப்புப் படிப்போர் பலர். அவர்களில் நம் தமிழரும் உண்டு. இளைஞன் பதவி உயர்வை எண்ணிப் படிக்கிறான். நாற்பதைத் தாண்டியவர், கற்ற வித்தை பழையதாகிவிடுமோ என்ற அச்சத்தால் படிக்கிறார். கட்டணத்தைக் கம்பெனியே செலுத்துவதும், படிப்பு முடிந்தபின் இத்தனை வருஷம் விலகுவதில்லை என்று அதற்கு ஈடாக எழுதி வாங்கிக்கொள்வதும் இக்கால வழக்கம்.

இரவில் படிப்பது இந்நகருக்குப் புதிதன்று. 1855-ஆம் ஆண்டில் ஜோதிராவ் பூலேயும் அவர் மனைவி சாவித்திரிபாயும், கூலி வேலைக்கும் உழவுக்கும் போகிற ஆண் பெண் இருபாலாருக்குமாகத் தம் இல்லத்திலேயே இராப் பள்ளி தொடங்கினார்கள். சாவித்திரிபாயே மணமான பின்பு கணவரிடம் எழுத்துக் கற்றவராதலால், வயது கடந்து பலகை பிடிப்போரின் கூச்சத்தை அவர் அறியாதிருக்க நியாயமில்லை. அதே ஆண்டில் பூலே எழுதிய 'திருதீய ரத்னா' என்னும் நாடகத்தில், சோதிடம் சொல்லும் புரோகிதனிடம் பொருளைப் பறிகொடுத்த குடியானவத் தம்பதியர், அறியாமையே தங்கள் நஷ்டத்துக்கு மூலகாரணம் என்று தெளிந்து, முடிவில் இராப் பள்ளிக்குப் போகத் தீர்மானிக்கிறார்கள். ஏமாறாதிருக்க வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம்; உத்தியோகம் அவர்கள் கனவிலும் இல்லை.

தொழிலாளர் படிப்புக்கு அக்காலத்து முதலாளிகள் என்ன செய்தார்கள் என்று கேட்டால், பம்பாய் ஆலைகளில் தொழிலாளிக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வுகூட உறுதியில்லை. பூலேயின் சகாவான நாராயண் மேகாஜி லோகண்டே ஆலைத் தொழிலாளரைத் திரட்டிப் பல ஆண்டு போராடிய பிறகே, 1890 ஜூன் 10-இல் ஞாயிற்றுக்கிழமை விடுமுறைக்கு ஆலை முதலாளிகள் இசைந்தார்கள். கல்விக்கு முதலாளி அளிக்கத்தக்க முதல் உதவி பணமன்று, அவகாசமே என்பது என் அபிப்பிராயம். சட்டம் வற்புறுத்துவதற்கு முன்னரே, 1912-இல், எட்டு மணி நேர வேலையை ஏற்படுத்திய ஜாம்ஷெட்பூர் டாட்டா எஃகு ஆலை, 1921-இல் தொழில்நுட்பப் பயிற்சிக் கூடமும் திறந்தது. நேரத்தைக் கொடுத்தவரே பள்ளியையும் கொடுத்தார் என்ற இந்த வரிசை கவனிக்கத்தக்கது. மற்ற ஆலைகளை வாரத்துக்கு 48 மணி என்ற வரம்புக்குள் கொண்டுவர 1946-இன் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் வரவேண்டியிருந்தது. பாணேரின் அலுவலகங்களிலோ, கட்டணத்துக்குக் கையெழுத்திடத் தயங்காத அதிகாரிகள், பரீட்சைக்கு முன் ஒரு வாரம் லீவு கேட்டால்தான் காலண்டரைப் புரட்டுகிறார்கள்.