காந்தியின் நடைவேகம்

கோவையில் வெரைட்டி ஹால் சாலை என்றொரு சாலை உண்டு. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-இல் கட்டிய திரையரங்கின் பெயர் அது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த அவர், 1905-இல் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடம் படக்கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகச் சென்று படம் காட்டியவர். மௌனப்படக் காலத்தில் கருவியைக் கையால் சுழற்றுவதே வழக்கம். ஆகவே திரையில் மனிதர் நடக்கும் வேகம் சுழற்றுபவரின் கையில் இருந்தது.

பேசும்படம் வந்ததும் அந்தச் சுதந்திரம் முடிந்தது. ஒலி பிசகாமல் இருக்க, விநாடிக்கு 24 சட்டகங்கள் என்பது நியதியாயிற்று. மௌனப்படங்களில் பல விநாடிக்கு 16 சட்டகங்களை ஒட்டி எடுக்கப்பட்டவை. அவற்றைப் புதிய கருவியில் ஓட்டினால் மனிதர்கள் ஒன்றரை மடங்கு வேகத்தில் துள்ளி ஓடுவார்கள்.

இந்த இரு காலங்களையும் ஒரே படத்தில் இணைக்கும் வேலை ஏ.கே. செட்டியாருக்கு வாய்த்தது. 1937 அக்டோபர் 2 அன்று, நியூயார்க்கிலிருந்து டப்ளின் செல்லும் கப்பலில், காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது. ஏறக்குறைய லட்சம் மைல் அலைந்து, முப்பது ஆண்டுகளில் நூறு பேரளவில் எடுத்திருந்த 50,000 அடிப் படச்சுருளைச் சேர்த்து, அதில் 12,000 அடியைத் தொகுத்து 1940-இல் வெளியிட்டார்.

பல கைகள், பல கருவிகள், பல வேகங்கள். இதற்குத் தொழிலில் ஒரு பரிகாரம் உண்டு. ஒன்றுவிட்டு ஒரு சட்டகத்தை இருமுறை அச்சிட்டால் 16 என்பது 24 ஆகிவிடும். நடை சீராகும், சற்றே இடறவும் செய்யும். ஆனால் படம் எடுத்தவர் எவ்வளவு வேகமாகச் சுழற்றினார் என்பதற்குச் சாட்சி ஏது? 1930-இன் தண்டி யாத்திரைக் காட்சிகளில் காந்தி விரைந்து நடக்கிறார். இயல்பிலேயே அவர் வேகமாக நடப்பவர். அவ்வேகத்தில் காந்தியினுடையது எவ்வளவு, கருவியினுடையது எவ்வளவு? தொகுப்பாளர் எந்த வேகத்தைத் தேர்ந்தாரோ, அதையே நாம் வரலாறென்று நம்புகிறோம்.

இன்றும் நிலைமை வேறல்ல. கொங்கு நாட்டு வீடுகளில் திருமணம், மில் ஆண்டுவிழா, தேரோட்டம் எல்லாம் பழைய விஎச்எஸ் நாடாக்களில் உறங்குகின்றன. அவை விநாடிக்கு 25 சட்டகங்கள், 4:3 அளவு. கைபேசியோ பெரும்பாலும் 30 சட்டகங்கள், 16:9 அளவு. இரண்டையும் சேர்க்கும் இளைஞர்கள், திரை நிறையவேண்டும் என்று பழைய படத்தை இழுத்து விரிக்கிறார்கள். தாத்தாவின் முகம் அகன்றுவிடுகிறது. பேரப்பிள்ளைகளுக்கு அதுவே தாத்தாவின் முகம்.

தொகுப்பவர் மாற்றத்தான் வேண்டும், அது குற்றமன்று. மூலத்தை வைத்துக்கொள்ளாததே குற்றம். செட்டியாரின் படத்தை ஆய்வாளர் ஆ.இரா. வேங்கடாசலபதி தேடியபோது, அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் கிடைத்தது 1953-இல் ஹாலிவுட்டில் உருவான ஆங்கில வடிவமே, 1940-இன் தமிழ்ப்படமன்று. மூலம் இருந்தால் பிழையைப் பின்வருபவர் திருத்தலாம். மூலம் போய்விட்டால் பிழையே வரலாறாகிவிடும். நாடாவைக் கணினியில் ஏற்றியபின் குப்பையில் எறிய நீளும் கைகள் இதை ஒருகணம் நினைத்துப் பார்க்கட்டும்.