இருக்குமிடம் தெரியாத கப்பல்: வங்காள விரிகுடாப் போர்களில் விமானந்தாங்கிகள் (1942–1971)

பெரம்பலூர்ப் பக்கத்துச் சிறுவாச்சூரில் நின்று கிழக்கே நேர்கோடு போட்டால் கடல் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து ஓடைகளில் கடல்சிப்பியும் சுருள்சுருளான அம்மோனைட் கற்களும் கிடைப்பது வேறு கதை. அந்தக் கடல் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே விலகிப்போயிற்று. கடற்போரைப் பற்றிய கட்டுரைக்கு இந்த உள்நாட்டு ஊரை அளவுகோலாக எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. கப்பலிலிருந்து கிளம்பும் அடி நிலத்துக்குள் எவ்வளவு தூரம் எட்டும் என்ற கணக்கை மாற்றியதே விமானந்தாங்கிக் கப்பலின் சாதனை என்று வழக்கமாகச் சொல்வார்கள். அது பாதி உண்மைதான். வங்காள விரிகுடாவில் நடந்ததைக் கூர்ந்து பார்த்தால், விமானம் எட்டிய தூரம் செய்த வேலைக்கு மேலான வேலையை, கப்பல் எங்கே நிற்கிறது என்று எதிரிக்குத் தெரியாமல் இருந்தது செய்திருக்கிறது. இக்கட்டுரையின் வாதம் இதுவே.

விமானந்தாங்கிகளுக்கு முந்தைய காலத்தை எம்டனை வைத்து அளந்துவிடலாம். 1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மீது சுமார் 130 குண்டுகளைச் சுட்டது. இரண்டு தொட்டிகள் பற்றி எரிந்தன. அதற்காக அது கரைக்கு 3 கிலோமீட்டர் அளவுக்கு நெருங்கி, தேடுவிளக்கைப் போட்டுக் குறிபார்க்க வேண்டியிருந்தது. அடிக்கிற நேரத்தில் தன்னைக் காட்டிக்கொண்டே ஆகவேண்டும் என்பது பீரங்கிக் கப்பலின் விதி. எம்டனின் குண்டு கடற்கரையோடு நின்றுவிட்டது. சிறுவாச்சூர் வரை வந்தது அதன் பெயர்தான். கில்லாடியான ஆளை ‘சரியான எம்டன்’ என்று சொல்லும் வழக்கு நம் ஊர்களில் இன்னும் முழுதாகப் போய்விடவில்லை.

28 ஆண்டுகள் கழித்து அந்த விதி உடைந்தது. 1942 ஏப்ரல் தொடக்கத்தில் அட்மிரல் நகுமோவின் தலைமையில் அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, சுய்காகு என்ற ஐந்து ஜப்பானிய விமானந்தாங்கிகள் இந்தியப் பெருங்கடலுக்குள் நுழைந்தன. பேர்ல் துறைமுகத்தைத் தாக்கிய ஆறில் ஐந்து இவை. ஏப்ரல் 4 அன்று, இலங்கையின் கொக்கலையிலிருந்து பறந்த கேட்டலினா கடல்விமானம் ஒன்று இந்தப் படையைத் தற்செயலாகக் கண்டது. அதை ஓட்டிய கனடா நாட்டு விமானி லியனார்ட் பர்ச்சால் செய்தியை அனுப்பி முடிப்பதற்குள் சுட்டு வீழ்த்தப்பட்டுச் சிறைப்பட்டார். மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து கிளம்பிய 120-க்கு மேற்பட்ட விமானங்கள் கொழும்பைத் தாக்கின. கார்ன்வால், டார்செட்ஷயர் என்ற இரு பிரிட்டிஷ் குரூசர்களும் அன்றே கடலில் மூழ்கடிக்கப்பட்டன. அடுத்த நாள் திங்கட்கிழமை. சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயிலில் திங்களும் வெள்ளியும்தான் நடை திறப்பு. பெண்கள் உரலில் அரிசி இடித்து மாவிளக்கு ஏற்றும் நாள். அதே திங்களன்று, ரியூஜோ என்ற சிறிய விமானந்தாங்கியைக் கொண்ட இன்னொரு ஜப்பானியப் படைப்பிரிவின் விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. அந்தப் பிரிவு வங்கக் கடலில் சுமார் இருபது சரக்குக் கப்பல்களை மூழ்கடித்தது. 200 கிலோமீட்டர் கணக்கை நம் கரைக்குப் பொருத்தினால், இந்த உரல் சத்தமும் எட்டும் எல்லைக்குள் வந்துவிட்டது.

ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. அங்கிருந்து முதல்நாளே வெளியேறி மட்டக்களப்புக்கு அப்பால் போய்க்கொண்டிருந்த பிரிட்டிஷ் விமானந்தாங்கி ஹெர்மிஸ் ஜப்பானியர் கண்ணில் பட்டது. விமானந்தாங்கியாகவே வரைபடம் போட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. அன்று அதன் தளத்தில் ஒரு விமானம்கூட இல்லை. எல்லாம் கரையில் நின்றன. அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. 300-க்கு மேற்பட்டோர் கப்பலோடு போனார்கள். இன்றும் சுமார் 50 மீட்டர் ஆழத்தில் அது மட்டக்களப்புக் கடலில் கிடக்கிறது. விமானம் இல்லாத விமானந்தாங்கி வெறும் இரும்புதான். அது எதிரியின் கண்ணிலும் பட்டுவிட்டால் கதை முடிந்தது. எதிர்ப்பக்கம் இன்னொன்று நடந்தது. பிரிட்டிஷ் அட்மிரல் சோமர்வில்லின் கப்பற்படையை நகுமோ கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை. மாலத்தீவின் தென்கோடியிலுள்ள அட்டு பவளத்தீவில் பிரிட்டிஷார் ரகசியமாக ஒரு தளம் வைத்திருந்தது ஜப்பானியருக்குத் தெரியாது. இன்டாமிடபிள், ஃபார்மிடபிள் என்ற இரண்டு விமானந்தாங்கிகள் பிழைத்தது பீரங்கி வலிமையால் அல்ல.

சென்னையில் நடந்ததுதான் என் வாதத்துக்கு முதன்மையான சான்று. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில், ஜப்பானியப் படை சென்னையை நோக்கி வருகிறது என்ற அச்சத்தில் அரசாங்கம், நகரில் இருந்தே ஆகவேண்டிய அவசியம் இல்லாதவர்களை வெளியேறச் சொன்னது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்கு மாறின. மூர்மார்க்கெட்டை ஒட்டிய மிருகக்காட்சிசாலையில், குண்டு விழுந்து கூண்டு உடைந்தால் ஆபத்து என்று சிங்கம், புலிகளைச் சுட்டுக் கொன்றார்கள். சொந்த ஊர் என்று ஒன்று இருந்தவர்கள் எல்லோரும் பெட்டி படுக்கையோடு ரயிலைப் பிடித்தார்கள். ‘எவாக்குவேஷன்’ என்ற ஆங்கிலச் சொல் அப்படித்தான் கிராமத்துக் கிழவிகள் வாயிலும் புகுந்தது. அத்தனை பேரும் கிளம்பிக்கொண்டிருந்தபோது நகுமோவின் கப்பல்கள் மலாக்கா நீரிணைப் பக்கமாகத் திரும்பிப் போய்விட்டிருந்தன. ஒரு விமானமும் வராமலே ஒரு மாநகரம் காலியாயிற்று.

இந்தியக் கடற்படை தனக்கென்று ஒரு விமானந்தாங்கியை வாங்கியது இந்தப் பின்னணியில். போர்க்காலத்தில் ஹெர்குலிஸ் என்ற பெயரில் கட்டத் தொடங்கி, பாதியில் நின்றுபோன கப்பல் அது. 1957-இல் வாங்கி, பெல்ஃபாஸ்ட்டில் கட்டி முடித்தார்கள். 1961 மார்ச் 4 அன்று விஜயலட்சுமி பண்டிட் அதை ‘விக்ராந்த்’ என்று பணியில் சேர்த்துவைத்தார். 1965 போரில் அது பம்பாயில் பழுதுபார்ப்பில் கிடந்தது. அப்போது பாகிஸ்தான் அதை மூழ்கடித்துவிட்டதாக அறிவித்துக்கொண்டது. கடற்படைக்காரர்களுக்கு எது அதிகம் உறுத்தியது, அந்தப் பொய்யா, கப்பல் கரையில் கிடந்த உண்மையா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்பது என் கணிப்பு. 1971 பாகிஸ்தான் போரில் அதை வங்கக் கடலில் இறக்க அவர்கள் எடுத்த துணிச்சலான முடிவுக்கு வேறு விளக்கம் கிடைப்பது கடினம்.

ஏனென்றால் 1971-இல் விக்ராந்த் ஆரோக்கியமான கப்பலே இல்லை. நான்கு கொதிகலன்களில் ஒன்றில் விரிசல். வேகத்தை 16 நாட் அளவில் நிறுத்தவேண்டிய கட்டாயம். விமானந்தாங்கிக்கு வேகம் ஏன் உயிர்நிலை என்பதைக் காற்றாடி விடும் பையனைக் கேட்டால் சொல்லிவிடுவான்: காற்று மந்தமாக இருந்தால் எதிர்க்காற்றில் ஓடித்தான் நூலை ஏற்றவேண்டும். கப்பலும் காற்றை நோக்கித் திரும்பி ஓடுகிறது. வீசும் காற்றும் கப்பலின் வேகமும் சேர்ந்துதான் தளத்தின் மேல் விமானத்தைத் தூக்கும் காற்றாகின்றன. நீராவியால் இயங்கும் கவண்பொறி மிச்ச வேகத்தைத் தருகிறது. கொதிகலன் நோய்வாய்ப்பட்டால் கப்பலின் ஓட்டத்தில் இழப்பு. வங்கக் கடலில் காற்று மந்தமாகிவிட்டால் அதிலும் இழப்பு. விக்ராந்தில் சீஹாக் ஜெட் விமானங்களும், பிரெஞ்சுக்காரர்கள் செய்த அலிஸே விமானங்களும் இருந்தன. பின்னதற்கு இந்தக் காற்று இன்றியமையாதது. ‘அலிஸே’ என்றால் பிரெஞ்சு மொழியில் வணிகக் காற்று. பெயர் வைத்தவர்கள் இந்த வேடிக்கையை நினைத்திருக்கமாட்டார்கள்.

கிழக்குக் கடற்படைத் தலைவராக இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். மெதுவாக ஓடும் கப்பலுக்கு நீர்மூழ்கியே எமன் என்பது அவருக்குத் தெரியும். பாகிஸ்தானின் நீர்மூழ்கிகளில் வங்கக் கடல் வரை வந்து திரும்பும் சக்தி காஸி ஒன்றுக்கே இருந்தது. அது நவம்பர் 14 அன்று கராச்சியை விட்டுக் கிளம்பியது. நீர்மூழ்கிகளுக்கும் கண்ணிவெடி அகற்றும் கப்பல்களுக்கும் மட்டுமே பயன்படும் ஒருவகை மசகெண்ணெய் பற்றிய விசாரணை கிழக்கு பாகிஸ்தானின் சிட்டகாங்குக்குப் போனது இந்தியர் காதில் விழுந்ததும், காஸி யாரைத் தேடி வருகிறது என்பது கிருஷ்ணனுக்கு விளங்கிவிட்டது. விக்ராந்தை வட அந்தமானின் போர்ட் கார்ன்வாலிஸ் என்ற ஆளரவமற்ற குடாவுக்கு அனுப்பினார். ‘போர்ட் எக்ஸ்ரே’ என்று அதற்கு ஒரு சங்கேதப் பெயர். பிறகு கரையில் நாடகம் தொடங்கியது. விசாகப்பட்டினச் சந்தையில் ஒரு பெரிய கப்பற்படைக்குத் தேவையான அளவுக்கு இறைச்சியும் காய்கறியும் சொல்லிவைக்கப்பட்டன. கடைக்காரர் வாய் சும்மா இருக்காது என்பதே கணக்கு. விக்ராந்த் வரப்போகிறது, நிறுத்த இடம் வேண்டும் என்று சென்னைக் கடற்படை அதிகாரியிடம் தொலைபேசியில் பேசப்பட்டது. ராஜ்புத் என்ற பழைய டிஸ்ட்ராயர் விசாகப்பட்டினத்துக்கு வெளியே போய், பெருங்கப்பல் போல ஓயாமல் வயர்லெஸ் செய்திகளை அனுப்பியது. தாயாரின் உடல்நிலை எப்படி என்று விக்ராந்த் மாலுமி ஒருவர் கேட்பது போன்ற தந்திகூட அதில் உண்டு.

டிசம்பர் 3 நள்ளிரவில் விசாகப்பட்டினத்துக்கு அருகே காஸி 90-க்கு மேற்பட்ட ஆட்களோடு மூழ்கியது. ராஜ்புத் போட்ட ஆழ்கடல் குண்டுகளே காரணம் என்பது இந்தியத் தரப்பு. கப்பலுக்குள்ளேயே வெடித்தது அல்லது தான் விதைத்த கண்ணிவெடியில் தானே சிக்கியது என்பது பாகிஸ்தான் தரப்பு. இந்தச் சர்ச்சை இன்னும் தீரவில்லை. நம் கேள்விக்கு அது தீரவேண்டிய அவசியமும் இல்லை. எப்படி மூழ்கியிருந்தாலும், காஸி அந்த இடத்துக்கு வந்தது ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒளிந்திருந்த கப்பலைத் தேடித்தான்.

ஒளிந்திருந்தது மட்டுமே விக்ராந்தின் பணி என்று சொன்னால் அது அநியாயம். டிசம்பர் 4 முற்பகலில் சீஹாக்குகள் காக்ஸ் பஜார் விமானதளத்தைத் தாக்கின, அன்று பிற்பகலிலேயே சிட்டகாங்கை. இரவுகளில் அலிஸேக்கள் போயின. அடுத்த பத்து நாட்களில் சிட்டகாங், குல்னா, மோங்லா துறைமுகங்கள் செயலற்றுப் போயின. துப்பாக்கிப் படகுகளும் சரக்குக் கப்பல்களும் மூழ்கின. கடல்வழியாகத் தப்பும் வாய்ப்பு கிழக்கு பாகிஸ்தான் படைக்கு இல்லாமல் போயிற்று. எதிரி சுட்டதில் விக்ராந்தின் விமானம் ஒன்றும் விழவில்லை. தலைமை மாலுமி கேப்டன் ஸ்வராஜ் பிரகாஷுக்கும், சீஹாக் அணித் தலைவர் எஸ்.கே. குப்தாவுக்கும் மகாவீர் சக்கரம் கிடைத்தது. விரிசல் விழுந்த கொதிகலனுக்கும் ஒரு பதக்கம் கொடுத்திருக்கலாம்.

போரின் கடைசி நாட்களில் அமெரிக்காவின் அணுசக்தி விமானந்தாங்கி எண்டர்பிரைஸ் வங்கக் கடலை நோக்கி வந்தது. விக்ராந்தைப்போல நான்கு மடங்குக்கு மேல் எடை. டிசம்பர் 16 அன்று டாக்கா சரணடைந்தது. எண்டர்பிரைஸ் ஒரு விமானத்தையும் தாக்குதலுக்கு அனுப்பவில்லை. ஒளிந்த கப்பல் போரை முடிக்க உதவியது. ஊரறிய வந்த கப்பல் எதையும் மாற்றவில்லை. ஆனால் அந்த வருகையின் கசப்பு டெல்லியில் பல ஆண்டுகள் நீடித்தது.

மட்டக்களப்பில் மூழ்கிய ஹெர்மிஸின் பெயரை பிரிட்டிஷார் பிறகு இன்னொரு விமானந்தாங்கிக்கு வைத்தார்கள். ஃபாக்லாண்ட் போரில் தலைமைக் கப்பலாக இருந்த அதை இந்தியா வாங்கி, 1987-இல் ‘விராட்’ ஆக்கியது. கொச்சியில் கட்டிய புதிய விக்ராந்த் 2022 செப்டம்பர் 2 அன்று பணியில் சேர்ந்தது. மேலே செயற்கைக்கோள்கள் சுற்றும் இந்தக் காலத்தில் போர்ட் கார்ன்வாலிஸ் போன்ற ஒரு குடா இனி கிடைக்குமா என்பதுதான் அதன் முன் நிற்கும் கடினமான கேள்வி. பழைய விக்ராந்த் 1997-இல் ஓய்வுபெற்று, பம்பாயில் அருங்காட்சியகமாக நின்று, 2014-இல் உடைக்கப்பட்டது. அதன் உலோகத்தைச் சேர்த்து பஜாஜ் கம்பெனி 2016-இல் ‘வி’ என்ற மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தது. திங்கட்கிழமைகளில் மதுரகாளியம்மன் கோயிலுக்கு வெளியே வண்டிகள் வரிசையாக நிற்கும்போது அதில் ஒன்றிரண்டு கண்ணில் படும், டேங்க் மேல் யாராவது எலுமிச்சம்பழமும் பூவும் வைத்திருப்பார்கள்.