மலைபடுகடாம் முதல் மா. கிருஷ்ணன் வரை: காட்டுயிரும் தமிழ் எழுத்தும்

உத்திரகாவேரி பாயும் நம் ஒடுகத்தூர், சவ்வாது மலையின் மடியில் அமைந்த ஊராகும். இம்மலையைச் சார்ந்த செங்கத்தைத் தலைநகராகக் கொண்டு ஆண்டவன் நன்னன் சேய் நன்னன். அவனைப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் பத்துப்பாட்டுள் ஒன்று. 583 அடிகளை உடையது. மலையை யானையாகவும், அதில் எழும் ஓசைகளை யானையின் மதமாகவும் உருவகித்த பெயர் அது. சவ்வாது மலையில் பிறக்கும் சேயாறும் அப்பாட்டில் ஓடுகின்றது.

நன்னனின் அரண்மனை முற்றத்தில் மலைவளங்கள் குவிந்து கிடந்த காட்சியைப் புலவர் விரித்துரைக்கின்றார். ஆமான் கன்று, யானைக் கன்று, கரடிக் குருளை, வருடைத் தகர், பாம்பை வென்ற கீரி, தாயைப் புலிக்குப் பறிகொடுத்த மரையான் குழவி, உடும்பு என அப்பட்டியல் நீள்கின்றது. ஒவ்வொன்றிற்கும் ஓர் அடைமொழி; ஒவ்வோர் அடைமொழியிலும் கண்டறிந்த ஒரு செய்தி. கரடிக்கு வளைந்த அடி, கீரிக்குச் சிறிய கண், மரையான் குழவிக்குப் பெரிய செவி. கற்பனையால் மட்டும் இவ்வாறு எழுதிவிட இயலாது. காட்டைக் கூர்ந்து நோக்கிய கண்களே இவ்வாறு எழுத வைத்தன.

இந்த மரபு இடையில் மெலிந்தது என்றே கூற வேண்டும். பெயர்கள் நூல்களில் நிலைத்தன. உயிர்கள் கண்ணிலிருந்து மறைந்தன. 1889இல் உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தபின் சொற்பொருள் நமக்கு மீண்டும் கிட்டியது. எனினும் வகுப்பறையில் ‘எண்கு என்பது கரடி’ என்று எழுதிப்போட்டு அடுத்த அடிக்குச் செல்பவர்களாகவே நம்மிற் பலர் இருந்தோம். நானும் அவர்களுள் ஒருத்தியே. ஒருமுறை மலையூரிலிருந்து வந்த மாணவி ஒருத்தி, கரடி புற்றைத் தோண்டிக் கறையான் உண்ணும் முறையை எழுந்து நின்று விளக்கினாள். அன்று பாடம் நடத்தியவள் அவளே!

அறுந்த இழையை இருபதாம் நூற்றாண்டில் மீண்டும் பற்றியவர் மா. கிருஷ்ணன் (1912–1996). ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மைந்தர் இவர். ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழில் 1950 முதல் தம் இறுதிநாள்வரை நாற்பத்தாறு ஆண்டுகள் இயற்கை பற்றித் தொடர்ந்து எழுதினார். தமிழ்க் கலைக்களஞ்சியத்திலும் விலங்குகளைப் பற்றி எழுதினார். அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தொகுத்தவர் சு. தியடோர் பாஸ்கரன், தாமும் தமிழில் சூழலியல் எழுத்தை வளர்த்தவர். காட்டுயிரைப் பற்றித் தாய்மொழியில் எழுதினாலன்றி அக்கறை மக்களிடம் வேர்கொள்ளாது என்பதற்கு இவர்கள் பணி சான்றாகும்.

எழுத்து உயிர்களைக் காக்குமா என்று வினவுவோர் உளர். தேவாங்கை எண்ணிப் பார்ப்போம். மெலிந்தவரை ஏளனம் செய்ய ‘தேவாங்கு போல’ என்கிறோம். அதனைத் தீய சகுனம் என்பாரும், அதன் உறுப்புகளை மருந்தென்றும் மாந்திரீகமென்றும் நம்பிக் கொல்வாரும் இருந்தனர். பூச்சிகளைத் தின்று பயிருக்கு நன்மை செய்யும் அவ்வுயிருக்குச் சொல்லே பகையாயிற்று. அச்சொல்லின் நஞ்சை நீக்கச் சொல்லாலன்றி வேறு எதனால் இயலும்? கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 11,806 ஹெக்டேர் பரப்பில் கடவூர் தேவாங்கு சரணாலயம் 2022இல் அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் தேவாங்கிற்கென அமைந்த முதற் சரணாலயம் இதுவே. சட்டம் எல்லையை வகுத்துவிட்டது. மனத்தை மாற்றும் பணி எழுதுவோர்க்கு உரியது.

சங்கப் புலவர் பாடிய வருடையை இன்றைய வரையாடு என அறிஞர் கொள்வர். நம் மாநில விலங்காகிய அது இன்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழ்கின்றது. 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழகத்தில் காணப்பட்டவை 1,031. ஒரு சிற்றூரின் மக்கள்தொகைக்கும் குறைவான எண்ணிக்கை இது!

பத்தாண்டு நிறைவு காணும் நம் இலக்கிய வட்டத்தின்முன் ஒரு வேண்டுகோளை வைக்க விழைகின்றேன். சவ்வாது மலைவாழ் முதியோர் நாவில் விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் வழங்கும் பெயர்களை, அவற்றோடு வாழும் கதைகளுடன் தொகுத்து நூலாக்குவோம். பெயர் மறந்த உயிருக்காக எவரும் வாதாட முன்வருவதில்லை. நன்னனின் முற்றத்துப் பட்டியலை ஒரு புலவர் நமக்கு விட்டுச்சென்றார். நம் காலத்துப் பட்டியலை நாம் விட்டுச்செல்ல வேண்டாமா?